காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால்

புரட்டாசியில் விதை தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பது இராமநாதபுரம் சீமையின் குடியானவருக்குப் பரம்பரை வழக்கம். கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் கடன். மழை பொய்த்த ஆண்டில் வாரம் பாக்கி விழுகிறது. பாக்கி விழுந்த ஆண்டில் நிலத்துக்கு உடையவரிடமிருந்து ஒரு காகிதம் வருகிறது. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் வாடகை வீட்டில் தறி போட்டிருக்கும் நெசவாளருக்கும், இராமேஸ்வரத்தில் கோயில் மனையில் கடையோ குடிலோ வைத்துப் பிழைப்பவருக்கும் அதே காகிதம் வேறு வேறு உருவில் வருவதுண்டு. அதனைக் கண்டவுடன் என்ன செய்வது என்பதை நம் உறுப்பினர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். வந்த பிறகு அறிந்துகொள்ளலாம் என்றிருந்தால் கெடு கடந்துவிடும்.

ஒரு காட்சியை மனத்தில் கொள்வோம். வயது முதிர்ந்த குத்தகைதாரர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வருகிறார். மடியிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து வைக்கிறார். "செயலாளர் ஐயா, இது வந்து இருபது நாளாச்சு. வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. நிலத்தை விட்டுவிட வேண்டியதுதானா?" என்கிறார். "இருபது நாளா? வந்த அன்றே கொண்டுவந்திருக்கக் கூடாதா, பெரியவரே!" என்கிறார் செயலாளர். இவ்விரு பேச்சிலும் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. அறிவிப்பு வந்ததனால் மட்டும் நிலம் போய்விடாது. அறிவிப்பை மறைத்து வைத்துக் காலத்தைக் கழித்தால் போய்விடக் கூடும்.

அறிவிப்பு வேறு, ஆணை வேறு

நிலத்தின் சொந்தக்காரரோ அவருடைய வக்கீலோ அனுப்பும் நோட்டீஸ் அவருடைய விருப்பத்தையும் கோரிக்கையையும் தெரிவிக்கும் கடிதமே ஆகும். வெளியேற்றும் அதிகாரம் அக்கடிதத்துக்கு இல்லை. அதன்பின் உரிய அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ மனுச் செய்யவேண்டும். எதிர்த்தரப்பை அழைத்து விசாரிக்க வேண்டும். ஆணை பிறக்க வேண்டும். அந்த ஆணையையும் முறைப்படி நிறைவேற்ற வேண்டும். இத்தனை படிகளையும் தாண்டாமல் ஆட்களைக் கொண்டு கதவைப் பூட்டுவதும், பயிரில் மாட்டை விடுவதும் சட்டத்துக்குப் புறம்பானவை.

அப்படி வலிந்து வெளியேற்றப்பட்டவருக்கும் வழி உண்டு. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, சட்ட முறைக்கு மாறாகத் தம் அனுபவத்திலிருந்து நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு அனுபவத்தை மீட்கலாம். அவ்வழக்கில் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வினா எழுவதில்லை. நேற்றுவரை யார் அனுபவித்தார், அவர் எம்முறையில் நீக்கப்பட்டார் என்பதே கேள்வி. ஆனால் அரசாங்கத்துக்கு எதிராக இப்பிரிவைப் பயன்படுத்த இயலாது.

ஆகவே காகிதம் வந்தவுடன் பார்க்கவேண்டியவை நான்கு. அனுப்பியவர் யார்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைச் சொல்கிறார்? என்ன காரணம் காட்டுகிறார்? எந்தத் தேதிக்குள் மறுமொழி கேட்கிறார்? வந்த உறையையும் எறிந்துவிடலாகாது. அஞ்சல் முத்திரையில் உள்ள தேதியே பிற்பாடு சாட்சி சொல்லும். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருந்தால் அது வக்கீல் நோட்டீஸினும் கனமானது. குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு ஆகிவிடும். அவ்வாறு ஆகிவிட்டாலும் முப்பது நாட்களுக்குள் தக்க காரணம் காட்டி அதனை நீக்கிவைக்க மனுச் செய்யலாம்.

இதற்கு அடுத்த வினா, நாம் இருப்பது எவருடைய நிலம், எவ்வகை நிலம் என்பது. தனியார் வயலுக்கு ஒரு சட்டம், நகரத்து வீட்டுக்கு ஒரு சட்டம், கோயில் மனைக்கு ஒரு சட்டம், புறம்போக்குக்கு ஒரு சட்டம் என்று வகுத்திருக்கிறார்கள். ஒன்றன் பாதுகாப்பை மற்றொன்றில் தேடினால் கிடைக்காது. ஆதலால் ஒவ்வொன்றாகக் காண்போம்.

உழுகின்ற நிலமாயின்

இச்சீமையின் பெரும்பகுதி சேதுபதிகளின் ஜமீனாக இருந்தது. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் ரயத்துக்களுக்கு நிலையான அனுபவ உரிமையை அளித்தது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. ஆயினும் பட்டா பெற்றவரிடம் வாரத்துக்கோ குத்தகைக்கோ வாங்கி உழுதவருக்கு அவ்விரு சட்டங்களாலும் பெரும்பயன் விளையவில்லை. அவருக்கென்று வந்தது 1955-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் சட்டம். சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர்.

அச்சட்டத்தில் நம்மவர் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சட்டம் வரப்போகிறது என்று அறிந்த நிலச்சொந்தக்காரர் சிலர் முந்திக்கொண்டு குத்தகைதாரரை நீக்கக்கூடும் என்பதற்காக, 1953 டிசம்பர் 1-ஆம் நாள் நிலத்தை அனுபவித்து வந்து, சட்டம் அமுலுக்கு வந்த நாளில் அனுபவம் இழந்திருந்தவருக்கு நிலத்தைத் திரும்பக் கொடுக்க அது வகை செய்தது. ஆனால் தானாகக் கொடுக்கவில்லை. முப்பது நாட்களுக்குள் மனுச் செய்தவருக்கே கொடுத்தது. உரிமையை ஏட்டில் எழுதுவது சட்டம். கெடுவுக்குள் சென்று கேட்பது உடையவர் கடமை.

இன்றும் அச்சட்டத்தின்படி, தம் உடலுழைப்பையோ தம் குடும்பத்தார் உழைப்பையோ செலுத்திப் பயிரிடும் குத்தகைதாரரை நான்கு காரணங்களுக்காகவே வெளியேற்றக் கேட்கலாம். குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாமை. நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தல். நிலத்தை விவசாயமல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துதல். சொந்தக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல். "மகனுக்கு வேண்டும்", "வேறொருவர் அதிகம் தருகிறார்" என்பன இந்நான்கில் சேரா. காரணம் இருந்தாலும் சொந்தக்காரர் தாமே வெளியேற்ற இயலாது. வருவாய்க் கோட்டாட்சியரிடமோ, அவ்வதிகாரம் பெற்ற வருவாய் நீதிமன்றத்திலோ மனுச் செய்தாகவேண்டும். நம் மாவட்டத்தில் இராமநாதபுரம், பரமக்குடி என இரு கோட்டங்கள் உள்ளன.

மனு வந்துவிட்டதென்றும் கலங்க வேண்டுவதில்லை. பாக்கியே காரணமாயின், இரு தரப்பாருடைய நிலைமையையும் சீர்தூக்கிப் பாக்கியைச் செலுத்த நியாயமான தவணை அளிக்கும் அதிகாரம் விசாரிப்பவருக்கு உண்டு. அத்தவணைக்குள் செலவுத் தொகையுடன் கட்டிவிட்டால் வெளியேற்ற மனு தள்ளுபடியாகும். கட்டத் தவறினாலோ வெளியேற்ற ஆணை பிறக்கும். அவ்வாணையை உயர்நீதிமன்றத்தின் சீராய்வுக்குக் கொண்டுசெல்லலாம். இம்முறையின்றி எவரேனும் குத்தகைதாரரை நீக்கிவிட்டால், இரண்டு மாதத்துக்குள் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து நிலத்தைத் திரும்பப் பெறலாம்.

சொந்தக்காரர் குத்தகையை வாங்க மறுப்பதும் நோட்டீஸுக்கு முன்னோடியாக நிகழ்வதுண்டு. வாங்காமலிருந்துவிட்டுப் பிறகு பாக்கி என்று வழக்கிடுவது பழைய தந்திரம். அப்போது, "அவர்தாம் வாங்கவில்லையே" என்று சும்மா இருப்பது பெருந்தவறு. சட்டம் காட்டும் முறையில், நெல்லாயின் சந்தை விலையைக் கணக்கிட்டு, சொந்தக்காரர் கணக்கில் டிபாசிட்டு செய்துவிட வேண்டும். குத்தகை அதிகம் என்று தோன்றினால் 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டத்தின்படி நிர்ணயம் கேட்கலாம். நன்செய்க்கு நூற்றுக்கு 40 பங்கு என்று தொடங்கிய அவ்வளவு 1980-இல் 25 பங்காகக் குறைக்கப்பட்டது.

இவையெல்லாம் நாம் குத்தகைதாரர் என்பது மெய்ப்பிக்கப்பட்டால்தான் பயன்படும். வாய்மொழியாக நிலம் வாங்கி உழுவோர் நம்மில் பலர். அவர்களுக்கெனவே 1969-ஆம் ஆண்டின் 10-ஆம் எண் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு ஏற்பட்டது. நிலத்தின் சர்வே எண், பரப்பு, சொந்தக்காரர் பெயர், குத்தகைதாரர் பெயர் ஆகியவை அதில் இடம்பெறும். தம் பெயர் அதில் உள்ளதா என்று நோட்டீஸ் வருமுன்னரே வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிந்து, இல்லையேல் சேர்க்க மனுச் செய்வது விவேகம்.

தறி நிற்கும் வீடாயின்

நெசவாளருக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமன்று, தொழிற்சாலையும் அதுவே. குழித்தறியை வண்டியில் ஏற்றலாம். குழியை ஏற்ற முடியாது. பாவு பாதியில் நிற்கையில் வீட்டைக் காலி செய்தால் நூலும் கெடும், கூலியும் கெடும், சங்கத்துக்குச் சேரவேண்டிய சேலையும் தவறும். ஆகவே நெசவாளர் கேட்டுப் பெறவேண்டியது பெரும்பாலும் கால அவகாசமே.

நகரப்பகுதிக் கட்டடங்களுக்கு இன்று நடைமுறையிலிருப்பது, தமிழ்நாட்டில் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம். இது 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதனுடன் நீங்கிற்று. புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வற்புறுத்துகிறது. அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமை தானே வெளியேற்றக் காரணமாகக்கூடும். பழைய சட்டத்தை நம்பி, "முப்பது வருஷமாக இருக்கிறேன், யார் என்ன செய்ய முடியும்?" என்று இருப்போர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இச்சட்டத்திலும் பாக்கிக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. பாக்கி கேட்டு நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் நிலுவை முழுவதையும் செலுத்திவிட்டால், அக்காரணத்தைக் கொண்டு வெளியேற்ற இயலாது. வீட்டுக்காரர் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தி நெருக்குவதையும் சட்டம் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் முறையிட்டு அவற்றை மீளப் பெறலாம். கிராமத்து வீடுகளுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே பொருந்தும். வேறு ஒப்பந்தம் இல்லையேல் மாத வாடகைக்குப் பதினைந்து நாள் அறிவிப்பு வேண்டும் என்கிறது அதன் 106-ஆம் பிரிவு.

அதே சட்டத்தின் 108-ஆம் பிரிவு நெசவாளர், உழவர் இருவருக்குமே உதவும். வாடகைக்கு இருந்தவர் தாம் நிலத்தில் பதித்தவற்றை, அனுபவம் தம்மிடம் இருக்கும்வரை எடுத்துச் செல்லலாம். இடத்தை வாங்கிய நிலையில் திருப்பித் தரவேண்டும். அதாவது தறிக்கால்களைப் பெயர்த்துக்கொண்டு, குழியை மூடிக் கொடுக்கவேண்டும். கால வரையறையில்லாத குத்தகை, உழவருடைய குற்றமின்றி முடிவுற்றால், அவர் விதைத்து நிற்கும் பயிர் அவருக்கே உரியது. உள்ளே சென்று அறுத்துவர அவருக்குத் தடையில்லை.

ஒத்திக்கு வீடு பிடித்திருப்போர் வாடகைதாரர் அல்லர். கொடுத்த தொகை திரும்பும்வரை அனுபவத்தில் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தி பதிவுப் பத்திரமாக இருத்தல் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய ஒத்தி, தகராறு வரும் நாளில் கைகொடுக்காது.

கோயில் நிலமாயின்

இராமேஸ்வரத்தில் இராமநாதசுவாமி கோயிலுக்குச் சேதுபதி மன்னர்கள் கிராமங்களையும் நிலங்களையும் மானியமாக விட்டார்கள். இத்தகைய கோயில், மட, அறநிலைய நிலங்களில் பயிரிடுவோருக்கு 1961-ஆம் ஆண்டின் 57-ஆம் எண் சட்டம் தனியே இருக்கிறது. அங்கும் உரிய அதிகாரியின் விசாரணையின்றிக் குத்தகைதாரரை நீக்குதல் ஆகாது.

கடை, வீட்டுமனை ஆகியவற்றுக்கு 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் பொருந்தும். இதில் நம்மவர் பலர் அறியாத இடர் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும், அல்லது ஒப்பந்தம் ரத்தானபின்னும் தொடர்ந்து இருப்பவர், 78-ஆம் பிரிவின் பார்வையில் வாடகைதாரர் அல்லர், ஆக்கிரமிப்பாளர் ஆவார். அவர் மீது இணை ஆணையர் காரணம் கேட்டு அறிவிப்பு அனுப்பி, விசாரித்து, வெளியேற்ற ஆணையிடலாம். தலைமுறையாக வாடகை கட்டி வந்திருப்பினும், தாத்தாவின் பெயரிலேயே ரசீது வந்துகொண்டிருந்தால் இத்தொல்லை நேரும். எனவே கெடு முடியுமுன் புதுப்பிக்கவும், வாரிசு பெயருக்கு மாற்றவும் மனுச் செய்து, மனு கொடுத்ததற்கு ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். நியாய வாடகை உயர்த்தப்பட்டு, அது தாங்காததெனத் தோன்றினால், 34-அ பிரிவின்படி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடும் செய்யாமல், பழைய வாடகையையும் கட்டாமல் இருந்தால் பாக்கி மலைபோல் குவிந்து, நியாயமான வழக்கையும் அமிழ்த்திவிடும்.

புறம்போக்காயின்

கடற்கரையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் குடியிருப்போர் குத்தகைதாரர் அல்லர் எனினும், அவர்களுக்கும் அறிவிப்பு வருவதால் இங்குக் கூறுகிறோம். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அரசாங்கத்துக்கு வெளியேற்றும் அதிகாரம் தந்தாலும், முதலில் காரணம் கேட்டு அறிவிப்புத் தரவேண்டும் என்று 7-ஆம் பிரிவில் விதிக்கிறது. ஆணைக்கு மேல்முறையீடும் உண்டு. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்சநீதிமன்றம், பிழைப்புரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றும், கேளாமல் அகற்றலாகாது என்றும் கூறிற்று. கட்டடத்தை இடிக்குமுன் பதினைந்து நாள் அறிவிப்புத் தரவேண்டும் என 2024 நவம்பர் 13-இல் அந்நீதிமன்றம் பணித்தது. ஆயினும் சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை முதலிய பொது இடங்களின் ஆக்கிரமிப்புக்கு அப்பாதுகாப்பு இல்லை. கண்மாய்க்குள் குடியிருப்பவர் வழக்கை நம்புவதைவிட, மாற்று மனைக்கு முன்னதாகவே மனுச் செய்வது நன்று.

சாட்சி நம் பெட்டியில் இருக்கிறது

விசாரணையில் கண்ணீருக்கு மதிப்பில்லை, காகிதத்துக்கு மதிப்புண்டு. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், குத்தகை அல்லது வாடகை ரசீது, வங்கி வழியாகச் செலுத்திய கணக்கு, மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை ஆகியவை அனுபவத்தைக் காட்டும். இவற்றுடன் நம் சங்கங்களின் ஏடுகளும் சான்றாகும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. இன்ன சர்வே எண்ணில் இன்ன பயிருக்குக் கடன் வழங்கியது என்று வேளாண்மைக் கடன் சங்கப் பேரேடு சொல்லும். இன்ன தெருவில் இன்ன கதவிலக்க வீட்டுத் தறிக்கு நூல் கொடுத்தது என்று நெசவாளர் சங்கப் பதிவேடு சொல்லும். செயலாளர்கள் முகவரியையும் சர்வே எண்ணையும் விடாமல் எழுதிவைத்தால், உறுப்பினருக்கு அதுவே ஒரு நாள் அரணாகும்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை இத்தீவினர் மறந்திலர். ஒரே பெட்டியில் எல்லாப் பத்திரத்தையும் வைத்திருப்பதில் உள்ள ஆபத்தை அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மூலம் வீட்டில் இருக்கட்டும்; நகல் ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும்.

செய்யலாகாதவை

முதலாவது, வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாகாது. "மனமுவந்து நிலத்தை விட்டுவிட்டேன்" என்று அதில் எழுதிக்கொள்ள அரைமணி நேரம் போதும். இரண்டாவது, கோபங்கொண்டு குத்தகையையோ வாடகையையோ நிறுத்தலாகாது. மூன்றாவது, நிலம் சொந்தக்காரருடையதே அன்று என்று மறுமொழியில் எழுதிவிடலாகாது. அதுவே வெளியேற்றும் காரணமாகிவிடும். நான்காவது, கைகலப்பு கூடாது. மறுமொழியைச் சுருக்கமாக எழுதி, சேர்ப்பித்த அத்தாட்சி கிடைக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தளர வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் குறைந்தோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

பாக்கி என்னும் விரிசல்

மேலே கண்ட சட்டங்கள் பலவற்றிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பாக்கி இல்லாத குத்தகைதாரரை அசைப்பது கடினம். பாக்கி உள்ளவரை அசைப்பது எளிது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. அயர்லாந்து நாட்டுக் குடியானவர்கள் பெருங்கிளர்ச்சி செய்து, நியாயக் குத்தகையும் நிலையான அனுபவமும் தரும் சட்டத்தை 1881-இல் பெற்றார்கள். பஞ்சத்தால் பாக்கி விழுந்திருந்த ஏழைகளோ அச்சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் பாக்கிக்கென்று 1882-இல் தனிச்சட்டம் செய்த பிறகே உள்ளே நுழைய முடிந்தது.

இவ்விடத்தில்தான் கூட்டுறவின் கடமை தொடங்குகிறது. உறுப்பினர் ஒருவருக்கு ஒரு மாதத் தவணையில் கட்டவேண்டிய பாக்கி, தனி ஒருவராக அவர் தேடினால் வட்டிக்கடையில்தான் கிடைக்கும். அத்தகைய நெருக்கடிக்கெனச் சங்கங்கள் துணைவிதிகளுக்கு உட்பட்டு ஒரு சிறு நிதியை ஒதுக்கிவைப்பது பற்றிப் பொதுப்பேரவையில் யோசிக்கலாம். தறியும் வயலும் நிலைத்தால்தான் சங்கம் கொடுத்த கடனும் நூலும் நிலைக்கும். ஆகவே அது தருமமன்று, சங்கத்தின் சொந்தக் காரியமே.

எல்லா வழக்கிலும் வெற்றி கிட்டும் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு மெய்யாகவே வீடு தேவைப்படலாம். கோயிலின் ஒப்பந்தம் முறைப்படி முடிந்திருக்கலாம். அப்போதும் அறுவடை வரை, பாவு முடியும் வரை, வேறு வீடு கிடைக்கும் வரை அவகாசம் கேட்டுப் பெறுவது தோல்வியாகாது. நடுத்தெருவில் நிற்பதற்கும் முறையாக இடம் மாறுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த அவகாசமே.

ஆதலால் உறுப்பினர்களே, காகிதம் வந்தால் மடியில் முடிந்து வைக்காதீர்கள். வந்த அன்றே வீட்டாரிடம் சொல்லுங்கள்; மறுநாள் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இருபதாவது நாள் வருகிறவருக்கு எஞ்சுவது பத்தே நாள். முதல் நாள் வருகிறவருக்கு முழுக் கெடுவும் இருக்கும்.